கட்டபெட்டுக்கு ஒரு மெக்கானிக் தேவை!

"நல்ல மோட்டார் மெக்கானிக் தேவை. அனுபவம் உள்ளவர்கள் நேரில் வரவும்."

டீக்கடைச் சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் இப்படி ஓர் அட்டை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தோடு பதினொன்று என்று போய் விடுவீர்கள். சமவெளியில் அப்படிப் போகலாம். நீலகிரி மலையில் போகக் கூடாது. அங்கே ஒரு பட்டறைக்கு எப்படிப்பட்ட மெக்கானிக் வருகிறார் என்பதில் பல குடும்பங்களின் உயிர் இருக்கிறது.

கோத்தகிரியில் இருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கட்டபெட்டு வரும். சிறிய ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஊட்டிக்குப் போகிறது. இன்னொரு கிளை குன்னூருக்குப் போகிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றும் இந்த ஊரில் உண்டு.

முச்சந்தி என்றால் வண்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி, காரட் மூட்டை ஏற்றிய வண்டி, பள்ளிக்கூட வேன், பஸ், ஜீப், சுற்றுலா வந்தவர்களின் கார் எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த மாதிரி ஒரு முச்சந்தியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பேச்சுக்கு "பட்டறைக்காரர்" என்றே வைத்துக் கொள்வோம்.

அவர் ஒண்டி ஆளாகத் தொழிலைத் தொடங்கினார். ஒரு ஜாக்கி, ஒரு பெட்டி ஸ்பேனர், மேலே தகரக் கொட்டகை. அவ்வளவுதான் முதல். கை சுத்தம். அதனால் பெயர் பரவியது. இன்றைக்கு அவர் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் ஐந்தாறு வண்டி நிற்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அவருக்குத் தூக்கம் வரவில்லை! வண்டி ஆறு. கை இரண்டு. எல்லா வண்டியையும் தானே பார்க்க முடியாது. வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சரியாகச் செய்தாரா என்று கவலைப்படாமலும் இருக்க முடியாது.

உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள்

அவருடைய கவலை ஏன் என்று தெரிய வேண்டுமானால், மலை ஒரு வண்டியை என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். கல்லாறில் இருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியில் இருந்து மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள். ஏறுவது கஷ்டம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். மலைக்காரர்களைக் கேட்டால், இறங்குவதுதான் கஷ்டம் என்பார்கள்.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடு வருகிறது அல்லவா? பிரேக்கும் அப்படித்தான். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் மீது லைனிங் உராய்கிறது. வண்டியின் வேகம் சூடாக மாறுகிறது. சமவெளியில் எப்போதோ ஒரு தடவை பிரேக் போடுகிறோம். அந்தச் சூடு காற்றில் ஆறி விடும். மலையில் பல கிலோமீட்டர் தூரம் காலை எடுக்காமல் பிரேக்கை அமுக்கிக் கொண்டே வந்தால், சூடு ஏறிக் கொண்டே போகும். முதலில் தீய்ந்த வாடை வரும். அப்புறம் புகை வரும். அப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் பிரேக் பிடிக்காது.

"எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். சின்னக் கியரில் வந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும்.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். "டாட் 3" என்ற வகை ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூட்டுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் சேர்ந்து விட்டால் அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கி விடுகிறது. குழாய்க்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி, பலூன் மாதிரி. அமுக்கினால் அமுங்கும். பெடல் தரையைத் தொடும். வண்டி நிற்காது!

நீலகிரியில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேட்கவா வேண்டும்? பார்வைக்குப் பிரேக் ஆயில் நிறைந்தே இருக்கும். டிரைவர் மூடியைத் திறந்து பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று மூடி விடுவார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக்.

ரேடியேட்டர் விஷயமும் வேடிக்கையானது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது இல்லை. சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து விடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் ஆவதை அங்கே சமைக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். குக்கர் வைத்தால் சீக்கிரம் வெந்து விடுகிறது. ஏன்? மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ரேடியேட்டர் மூடிக்கும் அதே வேலைதான். அந்த மூடியின் ரப்பர் தேய்ந்து போனால், ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியே வரும். எஞ்சின் கெட்டு விட்டது என்று பயந்து பெரிய செலவுக்குத் தயாராகிறார்கள். கெட்டது மூடி! தெரிந்த மெக்கானிக் முதலில் மூடியைத்தான் பார்ப்பார்.

காற்றும் மேலே போகப் போக லேசாகிறது. சாதாரண எஞ்சினின் பலம் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகள் மலைக்கு வந்ததும் கரும்புகை விட்டதற்கு இதுதான் காரணம். காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகப் போய் விடும். புது வண்டிகளில் இதை ஒரு சென்சார் அளந்து சரி செய்து கொள்கிறது.

இத்தனையும் போகப் பச்சைத் தேயிலை வேறு. பறித்த இலையை அன்றைக்கே தொழிற்சாலையில் சேர்க்க வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டு விடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரை கிலோ இலை வேண்டும். சாயங்கால நேரத்தில் ஒரு லாரி கிளட்ச் போய் நின்று விட்டால், அன்று முழுவதும் குனிந்து இலை பறித்த அத்தனை பேருடைய உழைப்பும் நடுரோட்டில் நிற்கிறது.

முதல் மெக்கானிக் ஒரு செருப்புத் தைப்பவர்

மலையும் பிரேக்கும் மோட்டார் வண்டி பிறந்த நாளில் இருந்தே சண்டை போட்டு வருகின்றன.

1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஜெர்மனி தேசம். மோட்டார் கார் செய்த கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் இரண்டு பையன்களையும் கூட்டிக் கொண்டு காரை எடுத்துப் புறப்பட்டு விட்டார். மன்னைம் நகரில் இருந்து போர்சைம் என்ற ஊரில் உள்ள தாய் வீட்டுக்கு! நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். மோட்டாரில் யாரும் அவ்வளவு தூரம் அதற்கு முன் போனது இல்லை.

வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். சங்கிலி தகராறு செய்தது. ஒரு கொல்லரைப் பிடித்தார். மேடு பள்ளமான பகுதி வந்தது. இறக்கத்தில் மரத்தால் ஆன பிரேக் கட்டை தேய்ந்து போய் விட்டது. அம்மையார் கலங்கவில்லை. ஒரு செருப்புத் தைப்பவரைத் தேடிப் பிடித்தார். கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்றைக்கு எல்லாப் பட்டறையிலும் "பிரேக் லைனிங்" என்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான்.

நம்முடைய நீலகிரி ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் வந்த ரயில். பல் சக்கரத்தைப் பிடித்துக் கொண்டு ஏறும் இந்த ரயிலில், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிப்பதற்கு என்றே ஒரு ஆள் நிற்பார். எஞ்சின் ஊதல் கொடுத்ததும் அவரவர் பெட்டிக்கு அவரவர் பிரேக் போட வேண்டும். ஒரே பிரேக்கை நம்பி மலை இறங்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே முடிவு செய்து விட்டார்கள்.

ரயிலுக்குப் பெட்டிக்கு ஓர் ஆள். லாரிக்கு? டிரைவர் ஒருவர். அவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், பட்டறையில் அந்தப் பிரேக்கைக் கழற்றி மாட்டிய மெக்கானிக். இந்த ஆளைத்தான் அந்த அட்டை தேடுகிறது.

பொடியன் வந்த வழி

முன்பெல்லாம் மெக்கானிக் எப்படி உருவானார்? பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட சிறுவனைத் தகப்பனார் பட்டறையில் கொண்டு வந்து விடுவார். அவன் டீ வாங்கி வருவான். மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களைக் கழுவுவான். "12-ஆம் நம்பர் ஸ்பேனர் எடுடா" என்றால் ஓடிப் போய் எடுத்துக் கொடுப்பான். தப்பான ஸ்பேனர் எடுத்தால் தலையில் ஒரு குட்டு. பல வருஷம் போனால் அவனே மெக்கானிக்.

அந்த வழியில் கெட்டிக்காரர்கள் வந்தார்கள். மறுக்க முடியாது. ஆனால், எத்தனை குழந்தைகளின் படிப்பு அந்த மண்ணெண்ணெய்த் தொட்டியில் கரைந்தது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. இன்றைக்கு 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அந்தக் கதவு மூடியது நல்லதுதான். மூடிய கதவுக்குப் பதிலாக வேறு கதவைத் திறந்து கொள்ளாத பட்டறைக்காரர்கள்தான் இன்று "ஆள் கிடைக்கவில்லை" என்று புலம்புகிறார்கள்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதை இங்கே நினைவுக்கு வரும். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோயம்புத்தூரில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய கல்லூரி!

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். ஓட்டியவரும் அவரே. பிறகு அது பெரிய பஸ் கம்பெனி ஆனது. இப்படித் தானாகவே கற்றுக் கொண்ட அதே மனிதர்தான் 1945-இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். கழற்றி மாட்டத் தெரிந்த கைக்குப் படிப்பும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கம்பத்தில் அட்டை கட்டுவதோடு நிறுத்திக் கொண்டால், வேலை இல்லாத ஆள்தான் வருவார். வேலை தெரிந்த ஆள் எங்கேயோ வேலையில் இருப்பார். அவர் அட்டையைப் பார்க்கப் போவது இல்லை.

தொழிற்பயிற்சி நிலையம் ஒரு வழி. ஐ. டி. ஐ. என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். 1950-இல் இந்திய அரசாங்கம் தொடங்கிய கைத்தொழில் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவை இவை. நீலகிரி மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசினர் நிலையங்கள் உண்டு. மோட்டார் மெக்கானிக் பாடம் நாடு முழுவதும் இரண்டு வருஷப் படிப்பு. பெண்களும் சேரலாம். (ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது!) அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரைப் போய்ப் பார்த்து, "யார் கை நல்ல கை?" என்று கேட்டால், அவர் சொல்லும் ஒரு பெயருக்கு நூறு அட்டை ஈடாகாது.

இரண்டாவது, ராணுவத்தில் இருந்து திரும்பியவர்கள். நம் ராணுவத்தில் வண்டிகளையும் எந்திரங்களையும் பழுது பார்ப்பதற்கு என்றே 1943-இல் அமைந்த தனிப்படை இருக்கிறது. பனிமலையிலும் பாலைவனத்திலும் வண்டி பார்த்தவர்கள். பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்று விடுகிறார்கள். நாற்பது வயது என்பது மெக்கானிக்குக்கு நல்ல வயது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

போக்குவரத்துக் கழகப் பட்டறைகளில் மலைப் பஸ்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் மறந்து விடக் கூடாது. முழு நேரம் வர மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?

ஜீப் வைத்த பரீட்சை

நம் பட்டறைக்காரரிடம் வருவோம். அட்டையைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் ஆசாமி நடுத்தர வயது. வாய் நிறையப் பேச்சு.

"நான் பார்க்காத வண்டி இல்லை முதலாளி. கண்ணைக் கட்டிவிட்டால் கூட கியர் பாக்ஸ் இறக்குவேன்!" என்றார்.

இரண்டாவது ஆள் இருபது வயதுப் பையன். ஐ. டி. ஐ. படித்துவிட்டு ஒரு வருஷம் எங்கேயோ எடுபிடியாக இருந்தவன். கேட்டால்தான் பேசுகிறான்.

பட்டறைக்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வாசலில் ஒரு ஜீப் நின்றது. பிரேக் போட்டால் இடது பக்கமாக இழுக்கிறது என்று அதன் சொந்தக்காரர் விட்டுப் போன வண்டி. முதலில் வாய்ச்சொல் வீரரிடம் கொடுத்தார்.

அவர் அரை மணி நேரத்தில் முடித்து விட்டார். சம ரோட்டில் ஓட்டிக் காட்டினார். பிரேக் போட்டார். ஜீப் நேராக நின்றது. "எப்படி முதலாளி?" என்று சிரித்தார்.

பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செய்ததை மாற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கினார். மறுநாள் அதைப் பையனிடம் கொடுத்தார்.

பையன் வண்டியைத் தொடவே இல்லை! சொந்தக்காரரிடம் போனான்.

"ஏனுங்கண்ணா, இது எத்தனை நாளா இழுக்குதுங்க? காலையில இழுக்குதா, இறக்கத்துல இறங்கின பிறகு இழுக்குதா?"

பிறகு இரண்டு பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றினான். வலது டிரம்மைத் திறந்ததும் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பட்டறைக்காரரிடம் காட்டினான். விரலில் எண்ணெய்.

"ஆயில் சீல் கசியுதுங்கண்ணா. லைனிங் நனைஞ்சு போச்சு. வலது பக்கம் பிடிக்கலை. அதனால வண்டி இடது பக்கம் போகுது."

"பெட்ரோல் போட்டுத் துடைச்சு மாட்டிடு தம்பி. செலவு மிச்சம்" என்றார் பட்டறைக்காரர்.

பையன் தயங்கினான். "வேண்டாங்கண்ணா. லைனிங் எண்ணெயைக் குடிச்சிருக்கு. துடைச்சா இப்ப நல்லா இருக்கும். இறக்கத்துல சூடானதும் மறுபடி வெளியே வரும். சீலும் மாத்தணும், லைனிங்கும் மாத்தணுங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தினாத்தான் சரியா இருக்கும்."

முதல் ஆசாமி என்ன செய்தார் தெரியுமா? வலது பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. நன்றாகப் பிடித்துக் கொண்டிருந்த இடது பக்கத்துப் பிரேக்கைத் தளர்த்தி விட்டார்! வலது காலில் முள் குத்தியவனுக்கு இடது காலிலும் முள்ளைக் குத்தி, "இப்போது நொண்டவில்லை பார்" என்பது போல. சம ரோட்டில் ஜீப் நேராக நிற்கும். குன்னூர் இறக்கத்தில் நிற்காது. அந்த ஜீப்பின் பின் சீட்டில் யாருடைய குழந்தைகள் உட்கார்ந்து இருக்குமோ!

ஒரு மணி நேரம் கழித்துப் பையன் திரும்ப வந்தான். முகம் வாடி இருந்தது.

"அண்ணா, புது லைனிங் மாட்டிட்டேன். பழைய பிரேக் ஆயிலை மாத்தி ஏர் எடுக்கணும். எந்தச் சக்கரத்துல ஆரம்பிக்கறதுன்னு எனக்குச் சந்தேகமா இருக்குங்க. நீங்க ஒரு தடவை காட்டிக் கொடுங்க."

பட்டறைக்காரர் அப்போதே முடிவு செய்து விட்டார். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமாக உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும் என்பது ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடிய விஷயம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் பழக்கத்தை யாரும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது.

இதற்காக, சர்டிபிகேட் உள்ளவன் எல்லாம் கெட்டிக்காரன், அனுபவஸ்தன் எல்லாம் ஏமாற்றுக்காரன் என்று நினைத்து விடாதீர்கள். நேர்மாறாகவும் நடக்கும். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக் கொண்டு, ஒரு போல்ட் மிச்சம் விழுந்தால் சட்டைப் பைக்குள் போட்டு மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. பேச்சை விட்டுவிட்டு ஒரு நாள் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கு உரிய கூலியையும் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேருக்கும்தான்.

ஜெர்மனியில் ஒரு சட்டம்

வெளி நாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் நினைத்தவர்கள் எல்லாம் மோட்டார் பட்டறை வைத்துவிட முடியாது. 1953-இல் வந்த கைத்தொழில் சட்டப்படி, "மைஸ்டர்" என்ற மேல்நிலைத் தேர்வில் தேறியவர் பொறுப்பில்தான் பட்டறை நடக்க வேண்டும். மோட்டார் தொழில் பழக வரும் பையன் மூன்றரை வருஷம் பட்டறையில் வேலையும் செய்வான். அதே காலத்தில் பள்ளிக்கூடமும் போவான்.

நம் நாட்டிலும் 1961-ஆம் வருஷத்திய தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். நாலு பேரில் இருந்து இருபத்தொன்பது பேர் வரை உள்ள சிறிய பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம். பழகுநருக்கு மாதா மாதம் உதவித் தொகை உண்டு. இந்த விவரம் பெரிய தொழிற்சாலைகளுக்குத் தெரிகிறது. மலையில் தகரக் கொட்டகை போட்டிருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கீழே இழுக்கும் கோயம்புத்தூர்

ஆள் கிடைத்து விட்டார். அத்தோடு கவலை தீர்ந்ததா? இல்லை. மலையில் ஆளை வைத்துக் கொள்வது ஆளைத் தேடுவதை விடக் கஷ்டம்.

1990-களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. அதில் இருந்து பல குடும்பங்கள், "இலையை நம்பிப் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது" என்று கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் அனுப்பத் தொடங்கின. கோயம்புத்தூரில் பெரிய கார் கம்பெனிகளின் சர்வீஸ் நிலையங்கள் இருக்கின்றன. சீருடை உண்டு. மாதச் சம்பளம் தேதி தவறாது. மலைப் பட்டறையில் மார்கழிக் குளிரில், ஈரத் தரையில் முதுகை வைத்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வெளியூரில் இருந்து வருகிறவர் முதல் பனிக்காலத்திலேயே மூட்டை கட்டி விடுவார்.

ஆகையால் முதலாளி சம்பளத்தை மட்டும் பேசினால் போதாது. தங்க அறை எங்கே, சம்பளம் எந்தத் தேதி, அடிபட்டால் செலவு யாருடையது, வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை எல்லாம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குளிருக்கு ஒரு மரப்பலகைத் தள்ளுவண்டி செய்து கொடுத்தால், ஈரத் தரையில் படுக்க வேண்டியது இல்லை. சின்னச் செலவுதான்.

உள்ளூர்ப் பையனாக இருந்தால் இன்னும் நல்லது. 2009 நவம்பர் மாதம் நீலகிரியில் பெரிய மண்சரிவு ஏற்பட்டது. 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். பல இடங்களில் சாலை அறுந்தது. அந்த மாதிரி நாளில் கீழே இருந்து மெக்கானிக்கும் வர முடியாது. சாமானும் வர முடியாது. ஊரில் இருக்கும் கைதான் உதவும்.

படிப்பையும் நிறுத்தக் கூடாது. 2020 ஏப்ரலில் இருந்து "பி. எஸ். 6" என்ற புதிய புகை விதி வந்து விட்டது. இந்த வண்டிகளில் கோளாறு எங்கே என்று காது மட்டும் சொல்லாது. ஸ்கேனர் என்ற கருவியை மாட்டிப் படிக்க வேண்டும். மின்சார வண்டிகளும் மலை ஏறுகின்றன. அவை இறக்கத்தில் வேகத்தை மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேர்த்துக் கொள்ளும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால், ஊட்டியிலேயே பாட்டரியை முழுக்க நிரப்பிவிட்டுப் புறப்பட்டால்? சேர்க்க இடம் இருக்காது. வண்டியை இழுத்துப் பிடிக்கும் சக்தி குறைந்து விடும். சமவெளியில் படித்த மெக்கானிக்குக்கு இது தோன்றாமல் போகலாம். மலை மெக்கானிக்குக்குத் தோன்ற வேண்டும். இதற்கெல்லாம் முதலாளி வருஷத்தில் சில நாள் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் பட்டறைக்காரர்களின் மனத்தில் உள்ள உண்மையான பயம் வெளியே வரும்.

"எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு எதிரிலேயே கடை போட்டு விடுவானே!"

போடலாம். சிலர் போடத்தான் செய்வார்கள். சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்தால் மட்டும் என்ன லாபம்? அரைகுறையாகத் தெரிந்தவன் பட்டறையிலேயே இருப்பான். அவன் மாட்டிய பிரேக், முதலாளியின் பெயரோடு மலை இறங்கும்.

நம் பட்டறைக்காரருக்கும் இந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லி அலுத்துக் கொண்டார்.

அந்த அம்மாள் காப்பியை ஆற்றிக் கொண்டே கேட்டாள்:

"நீங்க மட்டும் என்னங்க? கோத்தகிரியில உங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர்கிட்ட இருந்து பிரிஞ்சு வந்துதானே இந்தக் கொட்டகையைப் போட்டீங்க?"

பட்டறைக்காரர் காப்பியை வாங்கிக் குடித்தார். மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டார். வாசலில் கிளட்ச் போன இலை லாரி ஒன்று நின்றது.

"வா தம்பி. இதை இன்னைக்கு நீ இறக்கு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்றார்.